கைமணிக் குழுவில் யாரை எந்த இடத்தில் நிறுத்துவது? வேலூரிலிருந்து ஒரு கேள்வி

கேள்வி: சத்துவாச்சாரி வாசகி

அனைவருக்கும் வணக்கம். எங்கள் சபையின் கொயரில் பாடுகிறவர்களும், அக்கம்பக்கத்துத் தெருக்களில் இசையில் ஈடுபாடு உள்ளவர்களுமாகச் சேர்ந்து, சபைக்கு மட்டும் உரியதாக இல்லாமல் ஊருக்கே பொதுவான ஒரு கைமணிக் குழுவை (ஆளுக்குச் சில மணிகளைக் கையில் பிடித்து, தம் சுரம் வரும்போது மட்டும் ஒலித்து, எல்லாரும் சேர்ந்து ஒரே பாட்டை வாசிக்கும் குழுவை)த் தொடங்கலாம் என்று சில மாதங்களாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். அமெரிக்காவில் குடியிருக்கும் எங்கள் சபையார் ஒருவர், தாம் செல்லும் ஆலயத்தில் நெடுநாளாகப் பயன்படாமல் கிடக்கும் மூன்று ஸ்தாயி மணித் தொகுதியை எங்களுக்குப் பெற்றுத் தர முன்வந்திருக்கிறார். மொத்தம் 37 மணிகள். மணிகள் வந்து சேர்ந்துவிடும் என்ற நம்பிக்கை இருக்கிறது. ஆட்களைத் தேர்ந்தெடுப்பதில்தான் எங்களுக்குள் கருத்து ஒத்துப்போகவில்லை.

இதுவரை பெயர் கொடுத்திருப்பவர்கள் 15 பேர். கொயரில் சோப்ரானோ (உச்சக் குரல்) பாடும் பெண்கள் சிலர், கீபோர்டு வாசிக்கும் கல்லூரி மாணவர் ஒருவர், ஷிப்ட் முறையில் வேலை பார்க்கும் செவிலியர்கள் இருவர், தவில் கற்றுக்கொண்டிருக்கும் இளைஞர் ஒருவர், வங்கியில் ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர், ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி என்று பலதரப்பட்டவர்கள் இருக்கிறார்கள். நன்றாகப் பாடுகிறவர்களிடம் மெட்டு வரும் மேல்ஸ்தாயி மணிகளையும், இசைப் பயிற்சி குறைந்தவர்களிடம் கீழ்ஸ்தாயி மணிகளையும் கொடுத்துவிடலாம் என்பது எங்கள் கொயர் மாஸ்டரின் யோசனை. அது சரிதானா என்று எனக்கு ஐயமாக இருக்கிறது. எத்தனை பேர் தேவைப்படுவார்கள், ஸ்டாஃப் நொட்டேஷன் (ஐந்து கோடுகளில் எழுதும் மேற்கத்திய இசைக்குறிப்பு) தெரியாதவர்களைச் சேர்க்கலாமா, யாராவது வராமல் போனால் என்ன செய்வது என்பவற்றையும் அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

பதில் 1: குடியாத்தத்துக்காரர் (தற்போது வெளிநாட்டில்)

அன்புள்ள சகோதரிக்கு வணக்கம். பிழைப்புக்காக வந்த ஊரில் ஒரு சமூகக் கைமணிக் குழுவில் பல ஆண்டுகளாக மணி பிடித்து வருகிறேன். அந்த உரிமையில் சொல்கிறேன், உங்கள் கொயர் மாஸ்டரின் யோசனையை நான் ஏற்கமாட்டேன். கைமணியில் மெட்டு எந்த ஒருவருடைய பொறுப்பிலும் இருப்பதில்லை. நான்கைந்து சுரங்கள் கொண்ட ஒரு சிறிய வரிகூட இரண்டு மூன்று பேருடைய கைகளைக் கடந்துதான் போகும். பாடகர் தம் வரியைத் தாமே தொடங்கித் தாமே முடிக்கிறார். கைமணிக்காரரோ அந்த வரியில் தமக்குரிய சுரம் வரும் இடத்தில் மட்டும் ஒலித்து, அடுத்தவருக்கு வழிவிட்டு, மறுபடியும் தம் முறைக்காகக் காத்திருக்கிறார். தனியாகப் பாடிப் பாராட்டுப் பெற்றுப் பழகியவருக்கு இது முதலில் ஏமாற்றமாகத்தான் இருக்கும்.

எத்தனை பேர் என்பதற்குக் கணக்கு எளிது. மூன்று ஸ்தாயித் தொகுதியின் 37 மணிகளில், பியானோவின் வெள்ளைக் கட்டைகளுக்கு நிகரானவை 22. ஆளுக்கு இரண்டு என்றால் 11 இடங்கள் அமைகின்றன. கறுப்புக் கட்டைகளுக்கு நிகரான மற்ற 15 மணிகளை அந்தந்த இடத்துக்குப் பக்கத்தில் உள்ளவர்கள் தேவைப்படும்போது எடுத்து அடிப்பார்கள். சி என்ற சுரத்தை ச என்று வைத்துக்கொண்டால், கீழிருந்து முதல் ஆள் ச, ரி. அடுத்தவர் க, ம. அதற்கடுத்தவர் ப, த. நான்காமவர் நி, மேல் ச. ஏழு சுரங்களை இரண்டிரண்டாகப் பிரிப்பதால் அடுத்த ஸ்தாயியில் ஜோடிகள் மாறிவிடுகின்றன. அங்கே ரி, க ஒருவருக்கும் ம, ப ஒருவருக்கும் த, நி ஒருவருக்கும் போகும். பிறகு மறுபடியும் ச, ரி என்று தொடங்கிப் பதினொன்றாவது ஆளின் நி, ச என்பதில் முடியும். இரண்டு இடங்களுக்கு நடுவில் விழும் கறுப்பு மணியால்தான் பெரும்பாலான சண்டைகள் வரும். ஒரு பாட்டில் டி ஷார்ப் (டி-க்கு, அதாவது ரி-க்கு, அடுத்து மேலே உள்ள கறுப்பு மணி) என்று எழுதியிருந்தால் அதை டி வைத்திருப்பவர் எடுப்பார். அதே மணி ஈ பிளாட் (ஈ-க்கு, அதாவது க-வுக்கு, அடுத்து கீழே உள்ளது) என்று எழுதப்பட்டிருந்தால் ஈ வைத்திருப்பவர் எடுப்பார். ஒவ்வொரு பாட்டுக்கும் அது யாருடையது என்பதைப் பயிற்சி தொடங்கும் முன்பே பேசி முடித்துவிடுங்கள்.

இனி ஆட்களைப் பற்றி. உங்கள் பட்டியலைப் படித்ததும் எனக்கு மகிழ்ச்சி தந்தவர் தவில் கற்கும் தம்பிதான். மணியின் நாக்கு கிண்ணத்தைத் தொடுவது கை அசைவின் முடிவில் என்பதால், ஒலி சரியான எண்ணிக்கையில் விழ வேண்டுமானால் கை அதற்குச் சற்று முன்பே புறப்பட்டிருக்க வேண்டும். மணி பெரிதாகப் பெரிதாக இந்த இடைவெளியும் கூடும். தாளத்தை உடம்பில் ஏற்றிக்கொண்டவருக்கு இது சொல்லித்தராமலே பிடிபடும். பயிற்சி குறைந்தவர்களுக்குக் கீழ்மணிகள் என்ற எண்ணம் இங்கேதான் தவறாகிறது. கீழ்ஸ்தாயிதான் குழுவின் நடையைக் கட்டி வைத்திருக்கிறது. அங்கே நிற்பவர் தடுமாறினால் மேலே உள்ள அத்தனை பேரும் தடுமாறுவார்கள். எண்ணிக்கை தவறாதவரும் மணிக்கட்டில் வலு உள்ளவருமான ஒருவரை அங்கே நிறுத்துங்கள். அந்தத் தம்பியைக் கீழிருந்து முதல் இடத்திலோ இரண்டாம் இடத்திலோ பார்க்க விரும்புகிறேன்.

சோப்ரானோ பாடுபவர்களை நடு ஸ்தாயியில் வையுங்கள். செவி நுட்பம் உள்ளவர்கள் அங்கே மிகவும் தேவை. ஏனென்றால் மணியை அடிப்பது பாதி வேலைதான், அணைப்பது மறுபாதி. அடித்த மணியைத் தோளில் ஒற்றி ஒலியை நிறுத்தாவிட்டால் அது தன்போக்கில் ஒலித்துக்கொண்டே இருந்து அடுத்த சுரத்தோடு கலந்து குழப்பும். நடு ஸ்தாயியில் மெட்டும் உள்குரல்களும் நெருக்கமாக வருவதால், அணைக்கத் தவறியது உடனே கேட்டுவிடும். புதியவர்கள் எல்லாருமே எப்போது அடிப்பது என்று கவலைப்படுவார்களே தவிர, எப்போது நிறுத்துவது என்று பார்ப்பதில்லை. நீண்ட குறிப்பை முழு நீளத்துக்கும் ஒலிக்க விடுவது பாடகருக்கு இயல்பாக வரும். ஆனால் தம் சுரம் இல்லாத இடங்களிலும் மெட்டை வாய்க்குள் பாடிக்கொண்டே போய்த் தம் இடத்தைத் தவற விடுவதும் அவர்கள்தான் என்பதைக் கவனித்திருக்கிறேன்.

கீபோர்டு மாணவரை மேல்ஸ்தாயியின் கடைசி இடத்துக்கு அனுப்புங்கள். அங்கே மணிகள் சிறியவை என்பதால், ஒரே கையில் இரண்டு மணிகளைக் குறுக்காகப் பிடித்து, மணிக்கட்டைத் திருப்பும் திசையை மாற்றி வெவ்வேறாக ஒலிக்கச் செய்யும் உத்தி சாத்தியமாகிறது. மணியின் நாக்கு எல்லாப் பக்கமும் ஆடாமல் ஒரே கோட்டில் முன்னும் பின்னும் மட்டுமே ஆடும்படி அமைக்கப்பட்டிருப்பதால்தான் இது முடிகிறது. விரல்களைத் தனித்தனியாக இயக்கப் பழகிய அவருக்கு நான்கு மணிகள் பெரிய சுமையாக இராது. அவர் அதைக் கற்றுக்கொண்டால், மேல்ஸ்தாயியில் ஒருவர் வராத நாளில் பயிற்சி நின்றுபோகாது.

வராமல் போவதைப் பற்றிக் கடுமையாகவே பேச வேண்டியிருக்கிறது. கொயரில் ஒருவர் குறைந்தால் மற்றவர்களின் குரல் அதை மூடிவிடும். இங்கே ஒருவர் குறைந்தால் எல்லாப் பாடல்களிலிருந்தும் அதே இரண்டு சுரங்கள் காணாமல் போகின்றன. ஆகவே, இசை அறிவு குறைந்த ஆனால் தவறாமல் வருகிற ஒருவரை, நன்றாக வாசிக்கிற ஆனால் நினைத்தபோது வருகிற ஒருவரைவிட நான் எப்போதும் விரும்புவேன். உங்கள் 15 பேரில் 11 பேர் இடம் பிடித்தவர்கள் என்றால், எஞ்சிய நால்வரை உபரியாகக் கருதாதீர்கள். ஒவ்வொருவருக்கும் பக்கத்துப் பக்கத்து இடங்கள் இரண்டு மூன்றைப் பழக்கிக் கொடுங்கள்.

பதில் 2: காட்பாடியில் ஓய்வுபெற்ற இசை ஆசிரியர்

மேலே எழுதியிருக்கும் நண்பரின் கருத்துகளில் பெரும்பாலானவற்றை ஏற்கிறேன். ஸ்டாஃப் நொட்டேஷன் பற்றி அவர் ஒன்றும் சொல்லாமல் விட்டுவிட்டார். நம் ஊரில் இந்தக் கேள்வி எழுந்தவுடன், சுரங்களை ச, ரி, க என்று தமிழில் எழுதிக் கொடுத்துவிட்டால் போதுமே என்று யாராவது சொல்வார்கள். அதைச் செய்யாதீர்கள். நம் முறையில் ச என்பது பாட்டுக்குப் பாட்டு இடம் மாறும். மணியோ செய்து முடிக்கும்போதே ஒரு சுரத்தில் நிலைத்துவிட்டது. ஒரு பாட்டில் ச ஆக இருந்த மணி, அடுத்த பாட்டில் ஆதார சுருதி மாறியவுடன் ப ஆகிவிடும். கையில் வைத்திருப்பவர் எந்தப் பெயரை நம்புவது? மணியின் பிடியில் பொறித்திருக்கும் எழுத்தும் எண்ணும் எதுவோ அதையே தாளிலும் பயன்படுத்துங்கள்.

நொட்டேஷன் தெரியாதவரைச் சேர்க்கலாம். அவர் படிக்க வேண்டியவை ஐந்து கோடுகளில் வரும் அத்தனை குறிப்புகளும் அல்ல. தமக்குரிய இரண்டு இடங்களையும் அவற்றின் ஷார்ப், பிளாட் வடிவங்களையும் மட்டுமே. தம் குறிப்புகளைப் பென்சிலால் வட்டமிட்டுக்கொண்டு, இடது கைக்கு ஒரு நிறம், வலது கைக்கு ஒரு நிறம் என்று அடையாளம் வைத்துக்கொள்வது எங்கும் வழக்கத்தில் உள்ளதுதான். அவர் கட்டாயம் கற்க வேண்டியது குறிப்பின் நீளங்களையும் மௌனக் குறிகளையும். ஏனெனில் கைமணிக்காரரின் தாளில் ஒலிப்பதைவிடக் காத்திருப்பதே அதிகம். நாகசுரக் கச்சேரியில் ஒத்து ஊதுபவரை யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. ஆனால் அவர் ஒரு கணம் அசந்தால் மேளம் முழுவதும் ஆதாரம் இழந்துவிடும். அந்த மனப்பாங்கு உள்ளவர்களே உங்களுக்கு வேண்டும்.

இந்தக் காத்திருப்பு கைமணியின் பிறப்பிலேயே இருக்கிறது. இங்கிலாந்தில் ஆலயக் கோபுர மணிகளை இழுப்பவர்கள், ஆளுக்கு ஒரு மணி என்ற கணக்கில், வரிசையை மாற்றி மாற்றி அடிக்கும் ஒரு முறையைப் பின்பற்றினார்கள். கோபுரத்தில் நின்று பழகினால் ஊர் முழுவதும் கேட்டாக வேண்டும், குளிரும் தாங்க வேண்டும். அதனால் வீட்டுக்குள் உட்கார்ந்து பழகுவதற்கென்று சுருதி சேர்த்த சிறு மணிகள் உருவாயின. 17-ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் வில்ட்ஷயர் மாவட்டத்து ஆல்ட்போர்ன் என்ற சிற்றூரில் கோர் குடும்பத்துச் சகோதரர்கள் அவற்றை வார்த்தார்கள். அமெரிக்காவுக்கு 1840-களில் பார்னம் என்பவர் வேடிக்கைக் காட்சியாக ஒரு மணிக் குழுவைக் கொண்டுபோனார். குடும்பங்களும் ஆலயங்களும் இதை எடுத்துக்கொண்டது, பாஸ்டனைச் சேர்ந்த மார்கரெட் ஷர்க்ளிஃப் என்ற பெண்மணி 1902-இல் லண்டனிலிருந்து ஒரு தொகுதியைக் கொண்டுவந்த பிறகுதான். அங்கே தேசிய அளவில் சங்கம் அமைந்தது 1954-இல். அமெரிக்க ஆற்காடு மிஷன் 1853-இல் வந்து ஊன்றிய நம் மாவட்டத்துக்கு, கொயரும் ஆர்கனும் வந்த வழியில் கைமணியும் எப்போதோ வந்திருக்கலாமே என்று நான் எண்ணுவதுண்டு.

ஆட்களைத் தேர்வு வைத்துச் சேர்க்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் யாராவது கேட்பார்கள். வட கரோலினாவில் 1990-இல் தொடங்கப்பட்ட ரேலி ரிங்கர்ஸ் போன்ற சமூகக் குழுக்கள் தேர்வு வைத்துத்தான் சேர்க்கின்றன. அங்கே ஆலயக் குழுக்களில் ஏற்கெனவே மணி பிடித்துத் தேர்ந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். உங்களிடம் இருப்பவர்கள் 15 பேர்தான், யாரைக் கழிப்பீர்கள்? கழிப்பதற்காக அல்லாமல் இடம் பிரிப்பதற்காக ஒரு சிறு சோதனை போதும். மற்றவர்கள் ஒரு பாமாலைப் பாட்டைப் பாடட்டும். சோதிக்கப்படுபவர் வாய் திறக்காமல் ஒவ்வொரு நான்கு எண்ணிக்கையிலும் மூன்றாவதில் மட்டும் கை தட்டட்டும். இரண்டு சரணம் தாண்டியும் பிசகாதவர் எங்கே வேண்டுமானாலும் நிற்கத் தகுதியானவர்.

பதில் 3: ராணிப்பேட்டை வாசகர்

எனக்கு இசை தெரியாது. தோல் கையுறை தைக்கும் தொழிலில் இருப்பதால் ஒன்று மட்டும் சொல்ல விரும்புகிறேன். கைமணிகள் செம்பும் வெள்ளீயமும் ஏறத்தாழ எண்பதுக்கு இருபது என்ற அளவில் கலந்த வெண்கலம் என்றும், கை வேர்வை பட்டால் அவை கறுத்துவிடும் என்பதால் கையுறை அணிகிறார்கள் என்றும் படித்தேன். இங்கே தொழிற்சாலைகளுக்காகத் தைக்கப்படும் தடித்த கையுறைகளை வாங்கிவிடாதீர்கள். பிடி எங்கே இருக்கிறது என்றே விரலுக்குத் தெரியாது. கடையில் எல்லாருக்கும் ஒரே அளவில் கிடைக்கும் தளர்வான பருத்திக் கையுறையும் உதவாது, மணி உள்ளே நழுவும். மெல்லியதாக, ஒவ்வொருவர் கைக்கும் அளவெடுத்துத் தைப்பது நம் பகுதியில் முடியாத காரியம் அல்ல. குறிப்பாக அந்த ஒன்பதாம் வகுப்புப் பெண்ணின் கைக்குத் தனி அளவு வேண்டும். சித்திரை வெயிலில் பயிற்சி வைத்தால் ஆளுக்கு இரண்டு ஜோடி வைத்துக்கொள்ளுங்கள், முதல் ஜோடி அரை மணி நேரத்தில் நனைந்துவிடும்.

மீண்டும் சத்துவாச்சாரி வாசகி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. கைதட்டும் சோதனையை நேற்றே வீட்டில் செய்து பார்த்தோம். வங்கியில் ஓய்வுபெற்ற பெரியவர்தான் கடைசிவரை பிசகாமல் நின்றார், எங்களில் யாரும் அதை எதிர்பார்க்கவில்லை. ஆனால் அவருக்கு வலது தோளில் பழைய வலி இருக்கிறது, கீழ்மணிகளைத் தூக்க முடியுமா என்று தெரியவில்லை. செவிலியர் இருவருக்கும் இரவு டூட்டி எந்த வாரம் வரும் என்பது முன்கூட்டியே உறுதியாகத் தெரிவதில்லை. அவர்களை விட்டுவிட எங்களுக்கு மனம் இல்லை. மேலும், பாமாலைப் பாடல்களோடு நின்றுவிடாமல், சபைக்கு வெளியே இருந்து வருகிறவர்களுக்கும் நெருக்கமாக இருக்கும்படி நம் ராகங்களில் அமைந்த பாட்டுகளை எடுக்க முடியுமா?

பதில் 4: குடியாத்தத்துக்காரர்

சகோதரி, செவிலியர் இருவருக்கும் சேர்த்து ஒரே இடத்தைக் கொடுங்கள். இரண்டு பேரும் ஒரே இரவில் டூட்டியில் இல்லாதபடி அவர்களே பேசி மாற்றிக்கொள்ள முடிந்தால் நல்லது. முடியாத நாளுக்குத்தான் மாற்று ஆட்கள் இருக்கிறார்கள். இதற்கு ஒரு ஒழுங்கு வேண்டும். பாட்டுத்தாள் கோப்பு ஆளுக்குச் சொந்தமாக இல்லாமல் மேசையின் இடத்துக்குச் சொந்தமாக இருக்கட்டும், யாரும் அதை வீட்டுக்கு எடுத்துப் போக வேண்டாம். வட்டமிட்ட குறிகளும், எந்த இடத்தில் எந்தக் கறுப்பு மணியைக் கையில் எடுப்பது என்ற குறிப்பும் அதிலேயே இருந்தால், யார் வந்து நின்றாலும் ஐந்து நிமிடத்தில் தயாராகிவிடலாம். வட்டங்களைப் பேனாவால் போட யாரையும் அனுமதிக்காதீர்கள்.

பெரியவருக்கு நடு ஸ்தாயியே பொருத்தம். மணியை அணைப்பதற்கு வலது தோளைத் தொட்டாக வேண்டும் என்பதில்லை. மார்பின் மேற்பகுதியில் ஒற்றினாலும் ஒலி நிற்கும். பெரிய மணிகளைத் தடித்த ஃபோம் விரித்த மேசையிலேயே கிடத்தி, பஞ்சுருண்டை கட்டிய கோலால் தட்டி வாசிப்பதும் உண்டு. மூன்று ஸ்தாயித் தொகுதியின் கீழ்மணிகளுக்கு அது எப்போதும் தேவைப்படாது, ஆயினும் தவில் தம்பி வராத நாளில் பெரியவரைக் கீழே நிறுத்த வேண்டி வந்தால் அந்த வழி திறந்திருக்கிறது.

ராகங்களைப் பொறுத்தவரை, கமகத்தை நம்பி நிற்கும் எதையும் எடுக்க வேண்டாம். மணியின் சுரம் அசையாது. தோடியை மணியில் அடித்தால் அது தோடியாக இராது. சுரங்களை நேராக நிறுத்தினாலும் அடையாளம் தெரிகிற ராகங்களாக எடுங்கள். சங்கராபரணத்தின் சுரங்கள் உங்கள் வெள்ளை மணிகளிலேயே கிடைக்கின்றன. நான் முதலில் எடுக்கச் சொல்வது மோகனத்தில் அமைந்த எளிய மெட்டு. சி மணியை ச என்று வைத்தால் மோகனத்தில் ம, நி இரண்டும் இல்லை, அவற்றுக்குரிய மணிகள் மேசையில் கிடக்கும். அப்போது உங்கள் 11 இடங்களில் ஐந்தில் மட்டும் இரண்டு மணிகளுக்கும் வேலை இருக்கும். எஞ்சிய ஆறு இடங்களில் ஆளுக்கு ஒரே மணிதான். கீழிருந்து இரண்டாவது, நான்காவது, ஆறாவது, ஏழாவது, ஒன்பதாவது, பதினொன்றாவது இடங்கள் அவை. நொட்டேஷன் புதிதாகக் கற்கும் ஆறு பேரை முதல் பாட்டுக்கு அங்கே நிறுத்தினால், ஒரு சுரத்தையும் அதன் நீளத்தையும் மட்டும் கவனித்து, அணைக்கும் பழக்கத்தைக் கையில் ஏற்றிக்கொள்வார்கள். கீபோர்டு மாணவருக்கு நான் சொன்ன பதினொன்றாவது இடத்தையும் இந்த ஒரு பாட்டுக்கு அந்த ஒன்பதாம் வகுப்பு மாணவியிடம் கொடுங்கள். கீபோர்டு மாணவரை நடுவில் ரி, க இடத்தில் நிறுத்துங்கள். அடுத்த மோகனப் பாட்டுக்கு ஆதார சுருதியை மாற்றி எஃப் மணியை ச ஆக்கினால், ஒற்றை மணி விழும் இடங்களில் ஆறாவதுக்குப் பதிலாக ஐந்தாவது வரும், ஆட்களையும் அதற்கேற்ப மாற்றிக்கொள்ளலாம்.